காரின் என்றாலும் கத்தரீனாதான்

கோத்தன்பர்க், சுவீடன்
2 மார்ச் 1969

அன்புள்ள இரினி,

இங்கே இன்னும் பனி விட்டபாடில்லை. துறைமுகத்தில் ஓரத்துத் தண்ணீர்கூட உறைந்து கிடக்கிறது. நம் கார்பதோஸ் தீவில் இந்நேரம் பாதாம் பூத்து முடிந்திருக்கும். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? நீ எப்படி இருக்கிறாய்?

குழந்தை பிறந்துவிட்டது. பெண். பிப்ரவரி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தலை நிறைய முடி, எல்லாம் மஞ்சள். மூக்கு மட்டும் நம் அம்மாவுடையது, அதில் சந்தேகமே இல்லை. அவள் அப்பா லென்னார்ட் அவளைத் தூக்கவே பயப்படுகிறார். கப்பல் கட்டுமிடத்தில் இரும்புத் தகடு தூக்கும் கை அது.

நம் ஊரில் ஞானஸ்நானம் முடியும்வரை பிள்ளைக்குப் பெயரே கிடையாது, வெறும் 'பாப்பா'தான். இங்கே அப்படி விடமாட்டார்கள். பதிவு செய்தே ஆகவேண்டும் என்று லென்னார்ட் போய்ப் பதிந்துவிட்டு வந்தார். காரின் என்று வைத்திருக்கிறோம். என் மாமியார் பெயரும் காரின்தான். செய்தி கேட்டுச் சந்தோஷத்தில் அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெயரைப் பற்றி எழுதியிருப்பதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே. காரின் என்பது இந்த ஊர்க் கத்தரீனா. ஆகவே அம்மா பெயரைத்தான் வைத்திருக்கிறேன், வேறொன்றுமில்லை. ஆனால் அம்மாவிடம் அப்படி விளக்கிக்கொண்டு நிற்க முடியாது. நீ 'கத்தரீனா' என்று மட்டும் சொல்லிவிடு. காரின் என்ற சொல் உன் வாயில் வரவேண்டாம்.

அன்புடன்,
சோஃபியா

*

கார்பதோஸ்
9 ஏப்ரல் 1969

அன்புள்ள அக்கா,

குழந்தை நலமாக இருக்கட்டும். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டதற்கு நன்றி.

எதை வாசிக்கக்கூடாது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கலாம். நீ கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாய். கடிதம் வந்தபோது நாங்கள் ஊர் ரொட்டி அடுப்படியில் இருந்தோம். ஈஸ்டர் வாரம், ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். வெளிநாட்டுக் கடிதத்தை இங்கே தனியாகப் படித்தால் சாவுச் செய்தி என்று நினைத்துக்கொள்வார்கள் என்பது உனக்கே தெரியும். சத்தமாக வாசித்தேன். மூக்கு அம்மாவுடையது என்ற இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அதற்கடுத்ததுதான் பெயர்.

காலியோப்பி சித்திதான், உனக்குத் தெரியுமே அவள் வாயை, "மாமியா பேருன்னு சொன்னியா? இன்னொரு தடவ படி" என்றாள். நான் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை.

அம்மா கையிலிருந்த ரொட்டிப் பலகையைக் கீழே வைத்தாள். "என் அம்மா சோஃபியா. நான் கத்தரீனா. என் மூத்தவ சோஃபியா. அவ மூத்தவ கத்தரீனாவா இருக்கணும். இது எத்தன தலமொறையா வருது! இவ போயி வெளிநாட்டுக் கிழவி பேர வச்சிருக்கா" என்றாள். பிறகு, "காரினாம் காரின். ஆட்டுக் கழுத்துல மணி கட்டுன மாதிரி" என்றாள். அடுப்பிலிருந்த ரொட்டி கருகிவிட்டது.

வீட்டைப் பற்றியும் சொன்னாள். நீ கேட்கமாட்டாய், ஆனால் தெரிந்துகொள்ள விரும்புவாய். "என் பேரச் சொமக்கிறவளுக்குத்தான் வீடு. ஆட்டு மணிக்கு இல்ல." இதை அவள் ஊர் நடுவில் சொல்லியிருக்கிறாள். அதனால் இனி மாற்றுவது கஷ்டம்.

நான் என்ன சொன்னேன் என்று கேட்பாய். என்னை யாரும் கேட்கவில்லை. நான் அப்பாவின் அம்மா பெயரை வாங்கியவள். அந்தப் பெயருக்கு வீடும் கிடையாது, பேச்சும் கிடையாது.

இரினி

*

கோத்தன்பர்க்
11 மே 1969

இரினி,

நீ வேண்டுமென்றே செய்தாய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கடிதத்தை ஊருக்கு வாசிப்பதற்கு முன்னால் ஒரு தடவை கண்ணால் ஓட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பள்ளிக்கூடத்தில் நீதான் முதலில் வந்தவள்.

அம்மாவிடம் சொல். நான் மாமியாருக்காக அந்தப் பெயரை வைக்கவில்லை. என் மாமியார் பெயர் ஞானஸ்நானப் பதிவில் காத்தரினா என்றுதான் இருக்கிறது. கூப்பிடுவது காரின். அவருடைய பாட்டி காத்தரினா, அந்தப் பாட்டியின் அத்தையும் காத்தரினா. அவளைக் காய்சா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். குளிரில் வாயைத் திறக்கச் சோம்பல்பட்டுச் சுருக்கிக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள். கத்தரீனா என்று முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் இங்கே உதடு விறைத்துவிடும்.

பெயர் ஒன்றுதான். என் பக்கத்துக்கும் அவர் பக்கத்துக்கும் ஒரே பெயர் அமைந்தது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். யாருக்கும் மனக்குறை வராது என்று நினைத்தேன். அவள் வயிற்றிலிருந்த எட்டு மாதமும் அதை நினைத்துத்தான் சந்தோஷமாக இருந்தேன். இப்போது இரண்டு பக்கமும் நான் திருடி மாதிரி ஆகிவிட்டேன். மாமியாரிடம் நேற்று வாய் தவறி, "இது எங்கம்மா பேரும்தான்" என்று சொல்லிவிட்டேன். அவர் காபிக் கோப்பையை வைத்துவிட்டு, "ஓகோ, அப்படியா" என்றார். இந்த ஊரில் அது பெரிய சண்டை.

வீட்டுக்காக எழுதுகிறேன் என்று நினைக்காதே. வீட்டுக்காகவும்தான் எழுதுகிறேன். அந்த மாடியில் நின்றால் கடல் தெரியும். என் பிள்ளை அங்கே விருந்தாளியாக நிற்கக்கூடாது.

சோஃபியா

*

கார்பதோஸ்
20 செப்டம்பர் 1969

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இந்தத் தடவை முதலில் நானே படித்துக்கொண்டேன். பிறகு அம்மாவை அழைத்துக்கொண்டு நம் கோயில் மினாஸ் சாமியாரிடம் போனேன். அவர்தான் நம் ஊரில் புத்தகம் வைத்திருப்பவர். அவர் மனைவி எங்களுக்கு அத்திப்பழம் கொண்டுவந்து வைத்தாள். அம்மா தொடவில்லை. வழக்காட வந்த இடத்தில் தின்னமாட்டேன் என்றாள்.

சாமியார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கத்தரீனான்னா 'சுத்தமானவ'ன்னு எல்லாரும் சொல்றாங்க. அது பின்னால வந்தவங்க ஒட்டவச்ச அர்த்தம். ஆதியில அந்தப் பேருக்கு என்ன பொருள்னு உறுதியா யாருக்கும் தெரியாது. சிலபேரு பழைய காலத்து ஹெக்கத்தே தேவி பேர்லேர்ந்து வந்ததுங்கறாங்க."

"அது யாரு சாமி?" என்றாள் அம்மா.

"ராத்திரி முச்சந்தியில நிக்கிற தெய்வம். பேய் பிசாசுக்கெல்லாம் தலைவி."

அம்மா மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டாள். "அறுபது வருஷமா என்னைக் கூப்பிட்டதெல்லாம் பேய் பேர்லயா? நல்லா இருக்கே உங்க படிப்பு!"

சாமியார் பயந்துபோய், அது சிலபேர் சொல்வதுதான், நமக்கு அலெக்சாந்திரியாவின் புனித கத்தரீனா போதும் என்றார். அவளைச் சக்கரத்தில் கட்டிக் கொல்லப் பார்த்தார்கள், சக்கரம்தான் உடைந்தது. அந்தக் கதை, அவள் உடல் இருக்கும் சீனாய் மலைக்குப் போன யாத்திரைக்காரர்கள் வழியாக வடக்கே எல்லாத் தேசத்துக்கும் போயிற்று, கதையோடு பெயரும் போயிற்று, போன ஊர்களில் அவரவர் வாய்க்குத் தக்கபடி தேய்ந்தது, ஆகவே சோஃபியா எழுதியது சரிதான் என்றார்.

அம்மா எழுந்துவிட்டாள். "சாமி, நீங்க படிச்சவரு. நான் படிக்காதவ. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். பேருன்னா கூப்பிட்டாத் திரும்பணும். நான் வாசல்ல நின்னு 'கத்தரீனா'ன்னு கத்துனா அது திரும்புமா? திரும்பாது. அப்ப அது என் பேரு இல்ல. அவ்வளவுதான்."

சாமியார் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

வழியில் அவள் கொஞ்சம் இறங்கிவந்தாள். குழந்தையை இங்கே கொண்டுவா, நம் கோயிலில் ஞானஸ்நானம் கொடு, சாமியார் எண்ணெய் பூசி 'கத்தரீனா' என்று சொல்வதைத் தன் காதால் கேட்டால் பழையதை மறந்துவிடுவதாகச் சொல்கிறாள். வீடும் குழந்தைக்குத்தான் என்கிறாள். ஞானத்தாய் நான் என்றும் முடிவு செய்துவிட்டாள்.

நான் இந்த வீட்டில் முப்பத்தைந்தாவது வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். மூத்தவளுக்கு வீடு, இளையவளுக்கு வேலை என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமில்லை. உன் மகள் கத்தரீனா ஆனால், இந்த அடுப்பும் கிணறும் நான் வெள்ளையடிக்கும் சுவரும் அவளுடையவை. அவள் இருக்கச் சொன்னால் இருப்பேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நீ யோசித்திருக்கமாட்டாய் என்பதால் சொல்கிறேன்.

இரினி

*

கோத்தன்பர்க்
26 நவம்பர் 1969

அன்புள்ள இரினி,

உன்னை யார் வெளியே போகச் சொன்னது? என்ன பேச்சு இது! நான் இருக்கும்வரை அது உன் வீடும்தான். இதை எழுதிக் காட்ட வேண்டுமா?

நேற்று நடந்ததைக் கேள். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு, இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன் அல்லவா. நேற்று நவம்பர் இருபத்தைந்து, புனித கத்தரீனா திருநாள். அம்மாவை நினைத்து எள்ளும் தேனும் போட்டு ஒரு தட்டு பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு போனேன். பெயர்த் திருநாள் கொண்டாடுகிறவர்தானே ஊருக்குக் கொடுக்கவேண்டும், அம்மா அங்கே இருக்கிறாள், அவளுக்குப் பதிலாக நான் கொடுக்கிறேன் என்று.

மடிப்பு மேசையில் தட்டை வைத்து, "எங்கம்மா கத்தரீனாவோட நாள், எடுத்துக்குங்க" என்றேன். முதலில் கை நீட்டியது போலந்துக்காரி காசியா. "அப்ப நானும் குடுக்கணுமே, நானும் கத்தர்ஜினாதான்" என்றாள். காசியா என்பது கத்தர்ஜினாவாம்! மூன்று வருஷமாக ஒரே விரிப்பை அவள் ஒரு முனை நான் ஒரு முனை பிடித்து மடித்திருக்கிறோம். எனக்குத் தெரியாது. ஹங்கேரிக்காரி காத்தி, "நான் கத்தலின்" என்றாள். யுகோஸ்லாவியாக்காரி காத்தீட்சாவைக் கேட்கவே வேண்டாம். பின்லாந்துக்காரி கைசா வாயே திறக்காதவள், அவள்கூட மெதுவாக, "என்னையும் சேத்துக்குங்க" என்றாள். கடைசியில் மூலையிலிருந்து எஸ்தோனியாக் கிழவி காத்ரி வந்தாள். போரில் தப்பி ஓடிவந்தவள். அவளுடைய ஊரில் இதே நாளில் ஆணும் பெண்ணும் வெள்ளைப் பாவாடை கட்டி முகத்தை மூடிக்கொண்டு வீடு வீடாகப் பாட்டுப் பாடிப் போவார்களாம், 'காத்ரி வந்திருக்கா, கதவத் திற' என்று. இருபத்தைந்து வருஷம் ஆயிற்றாம், அதை யாரிடமும் சொல்லி.

மேற்பார்வைக்காரி வந்து என்ன கூட்டம் என்று அதட்டினாள். அவள் நார்வேக்காரி. பெயர் காரி. எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பலகாரம் மட்டும் எடுத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு பெண், சக்கரத்தில் கட்டப்பட்ட ஒரே ஒரு பெண், இத்தனை பேராகச் சலவைக்கூடத்தில் நின்று ஈரத்துணி மடிக்கிறாள். அம்மாவிடம் இதைச் சொல். காரினும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

ஆனாலும் அவள் சொன்னபடியே செய்கிறேன். அடுத்த கோடையில் முடியாது, பயணத்துக்குப் பணம் சேரவேண்டும். அதற்கடுத்த ஆகஸ்டில் வருகிறோம். நீதான் ஞானத்தாய். நீ செய்யவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. சாமியார் பெயர் கேட்பார். ஒரு சொல். அவ்வளவுதான்.

உன் அக்கா,
சோஃபியா

*

கார்பதோஸ்
14 பிப்ரவரி 1971

அன்புள்ள அக்கா,

சலவைக்கூடத்துக் கடிதத்தை அம்மா இன்றுவரை பல தடவை வாசிக்கச் சொல்லிவிட்டாள். "அத்தன பேரும் என்னோட பேரா? பரவாயில்லயே" என்பாள். உடனே, "ஆனா கூப்பிட்டாத் திரும்பணும்" என்பாள். அவள் அப்படித்தான்.

ஆகஸ்டுக்கு வேண்டியதை ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். ஞானத்தாய்தான் உடுப்பு, சிலுவை, மெழுகுவர்த்தி, எண்ணெய் எல்லாம் கொண்டுவரவேண்டும். உடுப்பை நானே தைக்கிறேன். இரண்டரை வயதுப் பிள்ளையைத் தொட்டியில் முக்குவது சுலபமில்லை என்று சாமியார் கவலைப்படுகிறார். உதைப்பாளா?

காலியோப்பி சித்தி வந்து நான் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம்டி நீ. உனக்குன்னு ஒரு புள்ள இல்ல. உன் பேர எடுத்து நிறுத்த யாரு இருக்கா? உன்னோட அது முடிஞ்சுபோச்சு" என்றாள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அவளுக்கு ஏழு பேரப்பிள்ளைகள், அதில் மூன்று காலியோப்பிகள். ஒருத்தியைக் கூப்பிட்டால் மூன்றும் ஓடிவரும்.

ஒரு சொல் என்று எழுதியிருந்தாய். நினைவிருக்கிறது.

இரினி

*

பிரேயுஸ் துறைமுகம்
19 ஆகஸ்ட் 1971

இரினி,

ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது. லென்னார்ட் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பல் காட்டப் போயிருக்கிறார். ஊரை விட்டுக் கிளம்பும்போது உன்னிடம் பேசவில்லை. பேசியிருந்தால் கத்தியிருப்பேன்.

பெற்றவள் கோயிலுக்கு வரக்கூடாது என்ற வழக்கத்தை மதித்து வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். சன்னல் ஓரத்தில், மடியில் சில்லறையோடு. கோயிலிலிருந்து பிள்ளைகள் புதுப் பெயரைக் கத்திக்கொண்டு ஓடிவருவார்கள், முதலில் வருகிறவனுக்குக் காசு. நான் சின்ன வயதில் எத்தனை தடவை ஓடியிருக்கிறேன்! சத்தம் கேட்டதும் அள்ளி வீசிவிட்டேன். வீசிய பிறகுதான் அவர்கள் என்ன கத்தினார்கள் என்பது காதில் ஏறியது.

"இரினி! இரினி! பேரு இரினி!"

அம்மா கோயிலில் உன் பக்கத்திலேயே நின்றிருந்தாள். இரண்டரை வருஷம் அந்த ஒரு சொல்லைக் கேட்கக் காத்திருந்தவள். வீட்டுக்கு வந்ததும் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். லென்னார்டுக்கு எதுவும் புரியவில்லை, எல்லாம் நன்றாக நடந்தது என்று உன்னைத் தட்டிக்கொடுத்தாராம். விருந்தில் ஒருத்தர் விடாமல் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். வெங்காயம் போட்ட மாவுருண்டையைத் தட்டோடு வைத்துவிட்டேன்.

கத்தரீனா இல்லையென்றால் வீடு உன்னிடமே நிற்கும். காலியோப்பி சித்தி அதை என் காதுபடவே சொன்னாள். நான் நம்பவில்லை என்று எழுத ஆசைப்படுகிறேன்.

பெயர் ஒரு தடவைதான் கொடுக்க முடியும். இனி திருப்பிக் கழுவ முடியாது. சமாதானம் என்று பொருள் உன் பெயருக்கு. நன்றாகப் பொருந்துகிறது.

சோஃபியா

*

கார்பதோஸ்
3 அக்டோபர் 1971

அன்புள்ள அக்கா,

வாய் தவறிவிட்டது என்று எழுதினால் உனக்கு நிம்மதியாக இருக்கும். வாய் தவறவில்லை. சாமியார் முதல் தடவை கேட்டபோது கத்தரீனா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இரினி என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். "பொண்ணே, யோசிச்சுச் சொல்லு" என்று மெதுவாகச் சொன்னார். நான் யோசித்துத்தான் சொன்னேன். ஞானத்தாய் சொன்னதைத்தான் சாமியார் கூறவேண்டும், அவருக்கு வேறு வழி கிடையாது. பிள்ளை நல்ல உதை உதைத்தாள். என் புது உடுப்பு முழுக்க எண்ணெய்.

ஏன் என்று கேட்பாய். நீதான் காரணம். காரின் என்றால் கத்தரீனாதான், காசியா என்றால் கத்தரீனாதான் என்று பக்கம் பக்கமாக எழுதினாய். நான் நம்பினேன். அம்மா நம்பவில்லை, சாமியார் சரி என்றார், நான் முழுதாக நம்பினேன். அப்படியானால் உன் மகளுக்கு அம்மாவின் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே பெயரை இரண்டாவது தடவை எதற்குக் கொடுக்கவேண்டும்? ஒரு இடம் காலியாக இருந்தது. என் கையில் பிள்ளை இருந்தது. எனக்கு இன்னொரு தடவை அது கிடைக்காது.

வீட்டுக்காகச் செய்தேன் என்று ஊர் சொல்கிறது. அன்று மாலையே அம்மாவிடம் போய், வீடு எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே, "உனக்குத் தர்றேன்னு யாரு சொன்னா?" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறாள். காலைக் கழுவிவிட்டால் நீட்டுகிறாள்.

வருத்தமாக இருக்கிறதா என்றால், அம்மாவுக்காக இருக்கிறது. உனக்காகவும் இருக்கிறது. செய்ததற்காக இல்லை.

இரினி

*

கார்பதோஸ்
25 நவம்பர் 1972

அன்புள்ள அக்கா,

ஒரு வருஷத்துக்கு மேலாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நீ பதில் போடவேண்டும் என்று இதை எழுதவில்லை. அம்மா எழுதச் சொன்னாள். இன்று அவள் பெயர்த் திருநாள், நல்ல மனநிலையில் இருக்கிறாள்.

கோடையில் தோளில் பை மாட்டிக்கொண்டு இரண்டு வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வந்தார்கள், ஒரு பையன், ஒரு பெண். இப்போதெல்லாம் அப்படி நிறையப் பேர் வருகிறார்கள். நம் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார்கள். அம்மா தண்ணீரும் ரொட்டியும் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் விசாரணையை ஆரம்பித்தாள். மொழி தெரியாது. தன் நெஞ்சைத் தட்டி, "கத்தரீனா" என்றாள். அந்தப் பெண்ணை நோக்கி விரலை நீட்டினாள். அந்தப் பெண் தன் நெஞ்சைத் தட்டி, "காரென்" என்றாள். டென்மார்க்காம்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை மாதத்தில் என் முகத்தைப் பார்த்துப் பேசியது அன்றுதான். "இரினி, இது அந்தச் சலவைக்காரிக கூட்டமா?"

ஆமாம் என்றேன். அவர்கள் நான்கு நாள் தங்கினார்கள். நமது மாடியில்தான். அம்மா போகவிடவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தலை வாரிவிட்டாள். மூன்றாம் நாள் அவள் தெருக்கோடியில் காலியோப்பி சித்தி வீட்டுப் படியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அம்மா வாசலில் நின்று, முழு மூச்சையும் கூட்டி, "கத்தரீனா!" என்று கத்தினாள். தெருவில் நான்கு பேர் திரும்பினார்கள். எல்லாம் நம் ஊர்க் கத்தரீனாக்கள். ஐந்தாவதாக அந்த டென்மார்க்காரி எழுந்து நின்றாள். தன்னைத்தான் சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று படம் வரைந்த அட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

அம்மா அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். "திரும்பிட்டாளே" என்றாள். பிறகு, "நான்தான் கூப்பிட்டுப் பாக்கல. வந்த புள்ளைய ஒரு தடவகூடக் கூப்பிட்டுப் பாக்கல. சொவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டேன்" என்று அழுதாள். அவள் அழுதது எனக்குத் தாங்கவில்லை. நானும் அழுதேன்.

போன வாரம் துறைமுக ஊர் பிகாடியாவுக்குப் போய்ப் பத்திரம் எழுதிவிட்டு வந்தாள். கோவேறு கழுதையிலும் படகிலுமாக, அந்த முட்டியோடு. வீடு உன் மகளுக்கு. பத்திரக்காரர் ஞானஸ்நானப் பெயரைக் கேட்டார். "அது கோயில்ல வச்ச பேரு. அது இந்த இரினியோடது, இருந்துட்டுப் போகட்டும். என் பேரு காரின். அதையே எழுதுங்க" என்றாள். நான் கூடவே நின்றேன். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

ஆகவே வீட்டைப் பற்றி இனி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கலாமா என்று யோசித்து, இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன். கேட்டுவிடுகிறேன். மே ஐந்தாம் தேதி என் பெயர்த் திருநாள். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் அவளை இரினி என்று கூப்பிடு. மற்ற நாள் காரின். எனக்கு அது போதும்.

இரினி

*

கோத்தன்பர்க்
5 மே 1973

அன்புள்ள இரினி,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு வேலை காரணமில்லை. வீம்புதான். உன் கடிதம் வந்த பிறகும் வீம்பு இறங்கச் சில மாதம் ஆயிற்று. அக்காவாகப் பிறந்ததில் அது ஒரு வசதி.

இன்று காலையில் எள்ளும் தேனும் போட்டுப் பலகாரம் செய்தேன். மாமியாரும் வந்திருந்தார். காபி குடித்துக்கொண்டிருந்தார். உன் மகள், ஆமாம், உன் மகள் என்றே எழுதுகிறேன், தரையில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "இரினி!" என்று கூப்பிட்டேன்.

திரும்பவில்லை. யாராவது வந்திருக்கிறார்களா என்று கதவைப் பார்த்தாள்.

"உன்னத்தான்டி" என்றேன்.

"அது சித்தி பேரு."

"உன் பேரும்தான். சித்தி உனக்குக் குடுத்துட்டாங்க."

கட்டையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். நான்கு வயதுக்கு அது கொஞ்சம் அதிகமான யோசனை. "அப்ப சித்திக்கு என்ன பேரு மிச்சம்?"

மாமியாருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அதற்குள் பிள்ளையே சொன்னாள். "எனக்கு ரெண்டு இருக்கே. ஒண்ணு சித்திக்குக் குடுத்துடலாம்."

"எதக் குடுக்கப் போற?"

"காரின்" என்றாள். "நான் இனிமே இரினி."

அதையும் மொழிபெயர்த்தேன். மாமியார் காபிக் கோப்பையை வைத்துவிட்டார். 'ஓகோ' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "குடுக்கட்டும். அது நல்ல பேரு" என்றார்.

வீட்டுப் பத்திரம் எந்தப் பெயரில் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அது காரின் பெயரில் இருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டேன். பிகாடியாவிலுள்ள பத்திரக்காரருக்கும் இன்றே எழுதிவிட்டேன். நீ உயிரோடு இருக்கும்வரை அந்த வீடு உன்னுடையது, உன்னை இரு என்றோ போ என்றோ சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது, அதற்குப் பிறகுதான் அவளுக்கு. என்ன தாள் வேண்டுமானாலும் அனுப்பட்டும், நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம்.

இந்தக் கடிதத்தை ஊர் ரொட்டி அடுப்படிக்குக் கொண்டுபோ. எல்லோரும் வரட்டும், காலியோப்பி சித்தி முன்னால் உட்காரட்டும். முதலில் தனியாகப் படித்துப் பார்க்காதே. சத்தமாக வாசி.

உன் அக்கா,
சோஃபியா